லாரிக்கு வைத்த முட்டுக்கட்டை

வால், லாரியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். லாரி வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் திருகினான். ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல லாரி உம்மென்று நின்றது.

“மாமாவோட லாரிய ஓட்டியிருக்கேன்னு சொன்னியே?” என்று கீழே நின்ற பாஸ் கேட்டார். கம்பளிக் குல்லாய்க்கும் மஃப்ளருக்கும் நடுவே அவருடைய மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“அதுல உக்காந்து ஈ ஓட்டியிருக்கேன் பாஸ். லாரிய ஓட்டினது மாமா.”

வேறு நாளாக இருந்தால் பாஸ் சிரித்திருப்பார். துப்பறிவதில் அவர் புலி. அந்தப் புலி போகுமிடமெல்லாம் பின்னாலேயே போவதாலும், சும்மா இருக்கத் தெரியாத வாயாலும், உதவியாளனுக்கு வால் என்று பெயர் வந்து அதுவே நிலைத்துவிட்டது. இந்த மலையூரில் ஒரு திருட்டுக் கேஸை முடித்துவிட்டு நேற்றே கீழே இறங்கியிருக்க வேண்டியவர்கள். பாதையெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகிவிட்டதால் லாட்ஜில் மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட இடத்திலும் ஒரு கேஸ் தேடி வந்து கழுத்தைப் பிடித்தது.

லாரி ஷெட்டின் வாட்ச்மேனை இன்று விடியற்காலையில் இந்த லாரி கேட் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. காலையில் டீ கொண்டுவந்த அவருடைய மகள்தான் முதலில் பார்த்தாள். உயிர் இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, இங்கே ஆபரேஷன் செய்ய வசதி இல்லை, இருட்டுவதற்குள் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தாங்காது என்று ஊரின் சின்ன ஆஸ்பத்திரி டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். மேலே வரக் கிளம்பிய ஆம்புலன்ஸ் இரண்டாவது வளைவிலேயே வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. மற்ற லாரிகளெல்லாம் பனிக்கு முன்னாலேயே இறங்கிப் போயிருந்தன. பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சங்கிலி கட்டி இந்தப் பாதையில் இறங்கக்கூடிய வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆளை நசுக்கிய இதே வண்டி.

இந்தக் குளிரில் அதைத் தட்டி எழுப்பத் தெரிந்தவனும் ஒருவன்தான். அதன் டிரைவர். அவனோ லாக்கப்பில் இருந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. காலையில் இஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று அவன் விடுகிற புகை வாட்ச்மேனின் குடிசைக்குள் போகிறது. அதற்காக நேற்று சாயங்காலம் இருவருக்கும் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி சண்டை. “ஒரு நாள் உன் குடிசையோட சேத்து உன் மேல ஏத்தறேன் பாரு” என்று டிரைவர் கத்தியதை ஊரில் கேட்காதவர்கள் கிடையாது. “சொன்ன மாதிரியே ஏத்திட்டான்” என்று இன்று காலை மகள் போட்ட கூச்சலும் அதே தெருவுக்குத்தான் கேட்டது.

“வண்டிய வேணா எடுத்துக்கங்க” என்று இன்ஸ்பெக்டர் பாஸிடம் சொல்லியிருந்தார். “ஆனா கொல்லப் பாத்தவன் கையிலயே அடிபட்டவரக் குடுத்து அனுப்பமாட்டேன். அவன் பண்ணலன்னா எப்படி நடந்ததுன்னு காட்டுங்க. அடுத்த நிமிஷம் விடறேன்.”

“பாட்டரியப் பாரு” என்றார் பாஸ்.

வால் குதித்து இறங்கி, படிக்குப் பக்கத்திலிருந்த பெட்டியின் மூடியைத் தூக்கினான். உள்ளே இரண்டு ஒயர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன. வேறெதுவும் இல்லை.

“பாஸ், நெஞ்சு இருக்கு. இதயத்தக் காணோம்.”

“அப்ப இதயமே இல்லாத வண்டி விடியக்காலைல எப்படிடா ஓடி வந்து ஆள இடிச்சது?”

டிரைவரின் வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் இரும்பு வளையம் தொங்கியது. மறு பக்கத்தில் ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. இருந்த வளையத்தை வால் தட்டினான்.

“விட்டுட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே டிரைவரின் மனைவி கதவைத் திறந்தாள். இவர்களுடைய முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“இன்னும் இல்லம்மா. லாரியோட பாட்டரி எங்க?” என்றார் பாஸ்.

“அது தூங்குது சார்.”

அவள் கிண்டல் செய்யவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், இழுத்துப் போர்த்திய கம்பளிக்குள் பாட்டரி சுகமாகக் கிடந்தது. வால் தொட்டுப் பார்த்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவன் தொட்டதிலேயே அதுதான் வெதுவெதுப்பான பொருள்.

“குளிர் ஆரம்பிச்சா தினம் சாயங்காலம் கழட்டித் தோள்ல தூக்கிட்டு வந்துடுவாரு. வெளிய விட்டா காலைல விறைச்சுப் போயிடுமாம். வீட்ல நல்ல கம்பளி ஒண்ணுதான் இருக்கு. அது அதுக்கு.”

“அப்ப உங்களுக்கு?” என்றான் வால்.

“எனக்கு அவரோட பழைய கோட்டு. நேத்து கொண்டு வந்து வெச்சது சார், அப்புறம் யாரும் தொடல. காலைல போலீஸ் வந்து அவரத்தான் தூக்கிட்டுப் போனாங்க. இதப் பத்தி யாரும் கேக்கல.”

பாஸ் திரும்பிக் கதவைப் பார்த்தார். “இந்தப் பக்க வளையம் என்னாச்சு?”

“அவர்தான் பிடுங்கினாரு. வண்டி உருளாம இருக்க சக்கரத்துக்கு வைக்கற கட்டை இருக்குல்ல, அதுல அடிச்சிருக்காரு. பனி பிடிச்ச கட்டைய வெறுங்கைல இழுக்க முடியாதாம். வீட்ல இருக்கறத ஒவ்வொண்ணா அந்த லாரிதான் சார் திங்குது. இப்ப அவரையும்...” கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தான். பிறகு, நழுவிய கம்பளியைப் பாட்டரி மேல் இழுத்துவிட்டான்.

ஸ்டேஷனில், கம்பிக்குப் பின்னால் டிரைவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாஸைக் கண்டதும் எழுந்து, “என் தப்புதான் சார்” என்றான்.

“கேட்டீங்களா? காலைலேர்ந்து இதே பாட்டுதான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

பாஸ் பாட்டரி விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மீசையை நீவிக்கொண்டே யோசித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி.

“சரி, ஓட்டல. உருட்டி விட்டிருக்கான். ஷெட்டு சரிவுலதானே இருக்கு? ஹேண்ட் பிரேக்க எடுத்தாப் போதுமே.”

“ஹேண்ட் பிரேக் நான் போடறதே இல்ல சார்” என்றான் டிரைவர். “இந்தக் குளிர்ல போட்டு வெச்சா காலைல பிரேக் உறைஞ்சு ஒட்டிக்கும், சக்கரம் சுத்தாது. கியர்லயும் விடறதில்ல. எண்ணெய் கூழாகி லீவர் அசையாது. முன் சக்கரத்துக்குக் கட்டைதான். இங்க எல்லா டிரைவரும் அப்படித்தான்.”

“நேத்து கட்டை வெச்சியா?” என்றார் பாஸ்.

டிரைவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தெரியல சார். தினம் வைக்கறதுதான். கை பாட்டுக்கு வைக்கும், மனசு அதுல இருக்காது. நேத்து அந்த ஆளோட சண்டை போட்ட கோவத்துல இறங்கினேன். காலைலேர்ந்து யோசிச்சுப் பாக்கறேன். வெச்சது ஞாபகம் வரல, வைக்காததும் ஞாபகம் வரல. வெச்சிருந்தா வண்டி எப்படி சார் நகரும்? நான்தான் வைக்கல.”

லாட்ஜ் அறையைப் பூட்டினோமா என்று வால் நினைத்துப் பார்த்தான். அவனுக்கும் ஞாபகம் வரவில்லை. தினம் செய்கிற காரியத்துக்குச் சாட்சியே கிடையாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்து, கேட்டு, வைத்தார். “டாக்டரம்மா. நாடி இறங்குதாம். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கன்னு அழறாங்க” என்றார். ஜன்னலுக்கு வெளியே வெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. வானம் சாம்பல் பூசிக்கொண்டு தலைக்கு மேலேயே நின்றது.

“கட்டை எங்க சார்?” என்றார் பாஸ்.

“எங்க ஆளுங்க தேடிட்டாங்க. ஷெட்டுல இல்ல, பூட்டின கேபினத் தொறந்தும் பாத்தாச்சு, அங்கயும் இல்ல.”

“கேபின்ல இல்லியா?” டிரைவர் நிமிர்ந்தான். “ஓடும்போது சீட்டுக்கு அடிலதான் சார் இருக்கும்.”

பாஸின் மூக்கு லேசாக விடைத்தது. “இன்ஸ்பெக்டர், விலங்கு மாட்டியே கூட்டிட்டு வாங்க. ஒரு நடை ஷெட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்.”

நேற்று லாரி நின்றிருந்த இடத்தில், முன் சக்கரம் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அதில் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் உருகி, மறுபடி உறைந்து, சாம்பல் கலந்து அழுக்காகக் கிடந்தது. அங்கிருந்து வாட்ச்மேன் குடிசை வாசலில், குளிர்காயத் தீ மூட்டுகிற டிரம் வரை சாம்பல் வழி நெடுகச் சிந்தியிருந்தது.

பாஸ் கேட் தூணருகே போய், அங்கே நின்ற லாரிக்கு அடியில் கையை விட்டு, அப்பளமாக நசுங்கிய ஓர் இரும்புத் தட்டை இழுத்தார்.

அதைப் பார்த்ததும் டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அவரோட தணல் தட்டு சார். காலைல டிரம்முலேர்ந்து தணல் அள்ளி இஞ்சினுக்கு அடில வைப்பாரு. எண்ணெய் இளகி இருந்தா வண்டி சட்டுனு எடுக்கும், புகையும் சீக்கிரம் நிக்கும்.”

“உன் லாரிக்கா? நேத்து உன்ன அந்தத் திட்டு திட்டினாரே?” என்றான் வால்.

“தினம் திட்டுவாரு. தினம் வைப்பாரு.”

வாலுக்கு இப்போது புரிந்தது. பள்ளத்தில் உறைந்த பனிதான் அதுவரை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கிழவர் லாரிக்கு முன்னால் குனிந்து தணல் தட்டைத் தள்ளியிருக்கிறார். பனி உருகியிருக்கிறது. கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கட்டை இல்லை. லாரி சத்தமில்லாமல் உருண்டு, அவரைக் கேட் தூண் வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

“எல்லாம் சரி, கட்டைய வைக்காதது இவன்தானே?” என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் பழைய வேகம் இல்லை. “கொலைன்னு எழுத வேண்டாம். அஜாக்கிரதைன்னு எழுதறேன். ஆனா விட முடியாது சார், எனக்கும் மேல ஆள் இருக்காங்க.”

வாலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அணைந்துபோன டிரம்மில் கொஞ்சமாவது சூடு இருக்குமா என்று ஒரு குச்சியை விட்டுக் கிளறினான். குச்சியில் ஏதோ ‘டங்’கென்று தட்டியது. வெளியே எடுத்தான்.

கதவு வளையம். கறுத்துப்போய், அடியில் ஓர் ஆணியோடு.

“பாஸ், கட்டை கிடைக்கல. அதோட மூக்குத்தி கிடைச்சிருக்கு.”

பாஸ் அதை வாங்கி இன்ஸ்பெக்டர் கையில் வைத்தார். “இதோட ஜோடி இவன் வீட்டுக் கதவுல தொங்குது. பாத்துட்டுத்தான் வரோம். ஓடும்போது இந்தக் கட்டை கேபினுக்குள்ள, சீட்டுக்கு அடில. ராத்திரி கேபின் பூட்டி, சாவி இவன் சட்டைப் பையில. இவன் கட்டைய எடுத்து வெக்காம விட்டிருந்தா அது உள்ளயே பத்திரமா இருந்திருக்கும். டிரம்முல எரிஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம்?”

“வெளிய இருந்திருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

“சக்கரத்துக்கு அடில இருந்திருக்கு. பனி பிடிச்சதுலேர்ந்து மேல விறகு வண்டி வரல. குளிர் தாங்காம யாரோ எடுத்து எரிச்சிருக்காங்க.” டிரைவரின் பக்கம் திரும்பினார். “நீ வெச்சிருக்கேப்பா. உன் கை மறக்கல.”

டிரைவர் அழுதான். விடுதலைக்காக அழுத மாதிரி தெரியவில்லை.

விலங்கு கழன்றது. வளையம் மறுபடி வாலின் கைக்கு வந்தது. வால் பாஸின் காதருகே போனான். “பாஸ், தினம் அந்த லாரிக்குத் தணல் வைக்கற மனுஷன் அதோட கட்டையவே எடுத்து எரிப்பாரா?”

“அப்புறம்” என்றார் பாஸ், வாயை மூடு என்கிற குரலில்.

அடுத்து நடந்ததில் துப்பறிகிற வேலை எதுவும் இல்லை. டிரைவரின் மனைவி கம்பளி சுற்றிய பாட்டரியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். அவன் அதை மாட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் குளிர்காற்று படாமல் ஓர் அட்டையைச் செருகினான். நெய் மாதிரி உறைந்துபோன டீசல் இளகட்டும் என்று ஃபில்டரைத் துணியால் சுற்றி வெந்நீர் ஊற்றினான். ஒரு பழைய தகரத்தில் அடுப்புத் தணலை வாங்கி இஞ்சினுக்கு அடியில் வைத்தான். கை பம்ப்பை அடித்து டீசலை ஏற்றினான். சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் சூடாகும் வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

முதல் தடவை லாரி முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை வெள்ளைப் புகையைக் கக்கி இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது, ஷெட் முழுக்க அதிர்ந்தது.

“கிளம்பு!” என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

“முடியாது சார். எண்ணெய் மேல ஏறணும், பிரேக்குக்குக் காத்து ஏறணும். இப்பவே இறக்கினா முதல் வளைவுல பிரேக் பிடிக்காது.” சொல்லிக்கொண்டே அவன் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்ட ஆரம்பித்தான்.

வாட்ச்மேனைக் கட்டிலோடு தூக்கி வந்து பின்னால் ஏற்றினார்கள். டாக்டரம்மா அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி தார்ப்பாய்க்குள் உட்கார்ந்துகொண்டார். கூட வந்த மகளுக்கு அங்கே இடமில்லை. “ஏன் நிக்கறீங்க? ஏன் இன்னும் நிக்கறீங்க?” என்று அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். பிரேக் காற்றைக் காட்டுகிற மீட்டரில் முள் அசைந்தபாடில்லை. அதைத் தள்ளிவிட யாராலும் முடியாது.

வாலின் கையில் இருந்த வளையத்தை அவள் பார்த்தாள்.

“அது டிரம்முல கிடந்துச்சா சார்? நான்தான் போட்டேன்.” காத்திருக்கிற வேதனையில் ஏதாவது பேசினால் போதும் என்று அவள் பேசினாள். “நேத்து சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். பொட்டு விறகு இல்ல. கை நடுங்கிட்டே சாப்பிடறாரு. ஷெட்ட சுத்திப் பொறுக்கினேன். லாரிகிட்ட ஒரு கட்டை கிடந்துச்சு, வளையத்தப் பிடிச்சு இழுத்தேன், வந்துடுச்சு. எண்ணெய் ஊறின கட்டை சார், அப்படி எரிஞ்சது! விடிய விடியத் தணல் இருக்கும்னு அப்பா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு.”

அவள் வாலின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாஸின் முகத்தை.

“ஏன் அப்படிப் பாக்கறீங்க? அது என்ன கட்டை?”

வால் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, அல்லது தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

சங்கிலியை மாட்டி முடித்த டிரைவர் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்தான்.

“அது உடைஞ்ச கட்டைம்மா. வேணாம்னு நான்தான் தூக்கிப் போட்டேன். வேற கட்டை வைக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். என் தப்புதான்.”

“எனக்குக் காலைலயே தெரியும்” என்றாள் அவள் பல்லைக் கடித்தபடி. வேறு இடம் இல்லாததால் கேபினில் ஏறினாள். அவன் பக்கம் திரும்பாமல் மறு கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அத்தனையும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார் இன்ஸ்பெக்டர். டிரைவர் தன் வாயால் மறுபடி தன்னையே மாட்டிவைத்திருக்கிறான். வால் அவரைப் பயத்தோடு பார்த்தான். அவர் தொப்பியைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

“இந்த இஞ்சின் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல” என்றார், யாரையும் பார்க்காமல்.

முள் மெல்லத் தலையைத் தூக்கியது. டிரைவர் அட்டையை உருவி எறிந்துவிட்டு ஏறினான். மனைவி கம்பளியைக் கேபினுக்குள் நீட்டினாள். அவன் அதை வாங்கி அந்தப் பெண்ணின் பக்கமாக வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

லாரி கேட்டைத் தாண்டி, சங்கிலி கரகரக்க இறங்கியது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வளைவில் திரும்பும்போது சத்தம் மறையும், கொஞ்ச நேரத்தில் இன்னும் கீழேயிருந்து கேட்கும். ஒவ்வொரு தடவை மறையும்போதும் டிரைவரின் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு வளைவில் மறைந்த சத்தம் திரும்ப வரவில்லை.

“பாஸ், தூரம் போயிடுச்சா, இல்ல நின்னுடுச்சா?”

“தெரியலடா.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வால் இதுவரை கேட்டதில்லை. வளையத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான்கு பேரும் அந்தக் குளிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டியபடி அங்கேயே நின்றார்கள்.